பின்பக்கத்துக் குழாய்

கத்தி பட்டதும் சிவப்புத் தண்ணீர் இளம் டாக்டரின் கண்ணாடி வரை பீய்ச்சியடித்தது. முப்பரிமாண பிரிண்டரில் அச்சிட்ட ரப்பர் சிறுநீரகம்தான். ஆனாலும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு சொட்டும் சிந்தாமல் அதிலுள்ள கட்டியை எடுத்துக் காட்டினால்தான் நாளைய ஆபரேஷனில் கத்தியைக் கையில் தருவேன் என்று தலைமை டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரத்தக் குழாயைக் கிளிப் போட்டு அடைச்சுட்டேனே! அண்ணி, உங்க பொம்மை ஓட்டை!"

நாளைய நோயாளியின் ஸ்கேனை வைத்து ஆஸ்பத்திரி அச்சறையில் அந்த மாடலை அச்சிட்டவள் அவளுடைய அண்ணன் மனைவி. "பொம்மையை ஏன் திட்டறே? பின்பக்கம் திருப்பிப் பாரு, டாக்டரம்மா."

பின்னால் நூல் கனத்தில் இன்னொரு குழாய் ஓடியது.

"இது பிரிண்டர் விட்ட பிசிறுதானே?"

"நானும் அப்படி நினைச்சு வெட்டத்தான் போனேன். சந்தேகம் வந்து ஸ்கேனைப் பார்த்தேன். நாளைக்கு வர்றவருக்கு நிஜமாவே ரெண்டு ரத்தக் குழாய்."

நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "வேற மாடல் இருக்கா?"

"ரெண்டு இருக்கு. உன் அவசரம் தெரிஞ்சுதானே மூணா அச்சடிச்சேன்!"

அடுத்ததிலும் சிந்தியது. மூன்றாவதில் மேஜை விரிப்பு வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் தலைமை டாக்டர் அச்சறைக்கே வந்தார்.

"நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே பின்பக்கக் குழாயை அடைச்சுட்டா. யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டேன். 'எங்க அண்ணி'ன்னு ஆபரேஷன் தியேட்டருக்கே கேக்கற மாதிரி சொல்றாம்மா!"

அண்ணி அடுத்த நோயாளியின் ஸ்கேனைத் திறந்து திரையையே பார்த்தாள். சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.