வெள்ளவத்தைக் காற்றைக் குடித்த மோட்டார் சைக்கிள்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு வைகாசி மாதத்தில் பதினொரு நாட்களுக்கு, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கைக்குப் பகல் முழுக்கக் காற்று வரவில்லை. அதைத் தனஞ்சயனின் மோட்டார் சைக்கிள் குடித்துவிட்டது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வீசுகிற காலம் அது. வலப்பக்கத்து ஒழுங்கையில் ஒருவருடைய குடை தலைகீழாக மடிந்தது, இடப்பக்கத்து ஒழுங்கையில் டியூஷன் வகுப்பொன்றின் பெயர்ப்பலகை கழன்று காலி வீதிவரைக்கும் போனது. நடுவில் இருந்த இந்த ஒழுங்கையில் மட்டும் ஊதுபத்திப் புகை நேர்கோடாக மேலே ஏறியது, கொடியில் போட்ட சறம் மூன்று நாளாகியும் காயாமல் மணத்தது. தொடர்மாடி நிர்வாகக் குழுத் தலைவர் நமசிவாயம் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளக்காமல் எதையும் நம்பாதவர். அவர் ஒரு கோழிச் சிறகை நூலில் கட்டி மொட்டை மாடியில் தொங்கவிட்டார். காலை ஏழரைக்குத் தனஞ்சயன் கீழே வண்டியை ஸ்டார்ட் செய்யும்வரை சிறகு துள்ளிக்கொண்டிருப்பதையும், செய்த கணமே அது அசையாமல் தொங்குவதையும் ஐந்து நாள் தொடர்ந்து பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

வண்டிக்கு இந்தத் தாகம் பிறவியிலேயே இருந்ததல்ல. தனஞ்சயன் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞனாக இருந்தான். வயது இருபத்தொன்பது. கொட்டாஞ்சேனையில் நான்காம் மாடியில் இருந்த தாரிகாவைக் கட்ட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு திட்டம் கிடையாது. காப்புறுதி நிறுவனமொன்றில் நாள் முழுக்க எண்களோடு கிடந்த தாரிகாவுக்கும் அதே விருப்பம்தான். குறுக்கே நின்றவர் அவளுடைய தாய் சிவக்கொழுந்து. அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, "பாப்பம்" என்ற ஒரே சொல்லைப் பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு பேருடைய வயதும் ஏறியது. வீட்டுக்குள் வர அனுமதி இல்லாததால், தனஞ்சயன் வேலை முடிந்து ஐந்தரைக்குத் தெருவில் வண்டியோடு நிற்பான், தாரிகா பல்கனிக்கு வருவாள், இருவரும் பத்து நிமிடம் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஆனால் லொறிகளும் கோயில் மணியும் தேவாலய ஒலிபெருக்கியும் சேர்ந்து அடிக்கிற அந்த இரைச்சலில் அவன் வந்து நிற்பது மேலே கேட்பதில்லை. போன் எடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அந்த நேரத்தில் தாரிகாவின் போனை முதலில் எடுப்பது சிவக்கொழுந்து.

ஆகவே தனஞ்சயன் தன் நூற்றைம்பது சீசீ வண்டிக்கு வாய் அகன்ற ஒரு சைலன்சர் வாங்கினான். சைலன்சரை மாற்றினால் எயார் ஃபில்டரையும் மாற்று என்று யாரோ சொன்னார்கள், அதையும் வாங்கினான். முன்னால் மூச்சை எடுக்கிற வழியும் பின்னால் விடுகிற வழியும் பெருத்துவிட்டன, நடுவில் பெற்றோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இன்றைய வண்டிகளில் பெற்றோலைத் தெளிப்பது இன்ஜெக்டர். எப்போது எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று வண்டியின் கம்பியூட்டரில் ஓர் அட்டவணை எழுதியிருக்கும். குறுக்கே எஞ்சின் சுற்றுகிற வேகம், நெடுக்கே அக்சிலேட்டரைத் திருகுகிற அளவு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண். தொழிற்சாலைக்காரன் அதைப் பழைய மூக்குக்கு ஏற்றபடி எழுதியிருப்பான். மூக்கைப் பெருப்பித்தவன் அட்டவணையையும் திருத்த வேண்டும் என்பது தனஞ்சயனுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய பிழையொன்றையும் அவன் பக்தியோடு செய்தான். புது வாகனத்துக்கு எல்லாரும் பூசை செய்வார்கள், இவன் உதிரிப்பாகங்களுக்கும் செய்தான். செவ்வாய்க்கிழமை இரண்டையும் தாம்பாளத்தில் வைத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனான். ஐயர் சைலன்சருக்கு மாலை போட்டார், ஃபில்டருக்கு மூன்று விரலால் திருநீறு அழுந்தப் பூசிச் சந்தனப் பொட்டும் வைத்தார். துடைத்தால் குற்றம் என்று தனஞ்சயன் அதை அப்படியே பொருத்தினான். முதல் ஸ்டார்ட்டிலேயே எஞ்சின் ஒரு சிட்டிகை திருநீற்றை உள்ளே இழுத்தது. பெற்றோல் போதுமா என்று மோந்து பார்க்கிற சென்சரில் அது போய்ப் படிந்தது. அதன் பிறகு எஞ்சின் பட்டினி கிடக்கும்போதெல்லாம் வயிறு நிறைந்திருக்கிறது என்று சென்சர் பொய் சொன்னது, கம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலை இன்னும் குறைத்தது. பசி தாங்காத எஞ்சின் கிடைத்த காற்றையெல்லாம் குடித்தது.

குடித்ததை அது வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் காலையில் இழுத்த காற்றைப் பகல் முழுக்க வைத்திருந்து, மாலையில் ஓரிடத்தில் நின்று உறுமும்போதுதான் பின்பக்கமாக விட்டது. வழியில் சிவப்பு விளக்குகளில் கொஞ்சம் கசிந்ததுண்டு, கொள்ளுப்பிட்டியில் ஒரு பொலீஸ்காரரின் தொப்பி அப்படித்தான் போனது. மிச்சமெல்லாம் கொட்டாஞ்சேனையில் தாரிகா வீட்டு வாசலில் இறங்கியது. அந்த வீட்டுக்கு மேற்கே ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெரிய கட்டடம் எழும்பி, வந்துகொண்டிருந்த கொஞ்சக் காற்றையும் மறித்திருந்தது. சிவக்கொழுந்துவுக்கு நெஞ்சில் இழுப்பு. ஆறு வருடமாக அவர் கதிரையில் இருந்தபடியேதான் நித்திரை கொண்டார். இப்போது ஐந்தரையானால் ஜன்னல் சீலை எழும்பியது, உப்பு மணத்தோடு ஈரக் காற்று உள்ளே வந்து விடியும்வரை நின்றது. நான்காம் நாள் அவர் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். ஏழாம் நாள், "அந்தச் சத்தக்காரன் வந்தாத்தான் இந்தக் காத்தும் வருது, என்ன?" என்று மகளிடம் கேட்டார். ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை அவனைத் தேத்தண்ணிக்கு வரச் சொல்லலாம் என்றார். தாரிகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

பத்தாம் நாள் நமசிவாயத்தின் கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் வண்டி திருந்த வேண்டும், இல்லாவிட்டால் தொடர்மாடியில் நிறுத்த இடம் கிடையாது. கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவர், "தம்பி, எனக்கு உம்மில ஒரு கோவமும் இல்லை. ஆனா காத்து எண்டது பொதுச் சொத்து" என்றார். அடுத்த நாள் சனிக்கிழமை, தனஞ்சயன் கொம்பனித்தெருவில் மஷூரிடம் போனான். பேரே வாவிக்குப் பக்கத்தில், புது மாடிக் கட்டடங்களின் முதுகுப்புறம் இருந்தது மஷூரின் பட்டறை. வண்டியின் பின்சில்லை உருளைகளின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, லெப்டொப்பில் அட்டவணையைத் திருத்துவது அவருடைய தொழில். மஷூர் ஃபில்டரில் இருந்த திருநீற்றைக் கண்டார். அடுத்தவர் சாமியின் அடையாளத்தில் கை வைப்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தார். தனஞ்சயனும் அவர் அதைக் கண்டதைக் கண்டான். தெரிந்தவர், ஆகாதென்றால் சொல்லியிருப்பார் என்று அவனும் பேசாமல் இருந்தான். இரண்டு பேரின் மரியாதையில் அந்தப் பகல் முழுக்க வீணாகியது. சென்சர் பொய் சொல்லச் சொல்ல மஷூர் பெற்றோலைக் குறைத்துக்கொண்டே போனார். உருளையில் மூன்று மணிநேரம் ஓடிய வண்டி அக்கம்பக்கத்துக் காற்றை ஒட்ட உறிஞ்சியது. பக்கத்தில் இருந்தது பேரே வாவி.

வெயிலில் வற்றிய நாளில் பேரே வாவி என்ன மணம் மணக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டியின் வயிற்றில் அந்தக் காற்றோடு தனஞ்சயன் ஐந்தரைக்குத் தாரிகா வீட்டு வாசலில் போய் நின்றான், நின்று வழமைபோல உறுமவும் விட்டான். கீழ்வீட்டு பஸ்லா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், ஊத்தத் தண்ணிக் கான் ஒடஞ்சிருச்சா?" என்று ஓடிவந்தார். மீன்காரன் தன் மீனைச் சந்தேகமாகப் பார்த்தான். நான்காம் மாடியில் ஆறு வருடத்துக்குப் பிறகு ஆசையோடு ஜன்னலடியில் உட்கார்ந்திருந்த சிவக்கொழுந்து அதை ஒரு மூச்சு நிறைய இழுத்துவிட்டார். அன்றிரவு அவர் திரும்பவும் கதிரையில்தான் இருந்தார். ஜன்னலைச் சாத்திக் கொளுக்கி போட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணி இல்லை, அந்தச் சத்தக்காரனின் பேச்சே இனி இந்த வீட்டில் வேண்டாம் என்றார். பதினான்கு மாதம் பிடித்துத் தொங்கிய "பாப்பம்" என்ற சொல்லும் போய்விட்டது. தனஞ்சயன் அன்று வண்டியை உருட்டிக்கொண்டே வெள்ளவத்தைக்கு நடந்தான், அதைப் பார்த்தவர்கள் பெற்றோல் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஞாயிறு காலை தாரிகா தாயிடம் சொல்லிவிட்டே மஷூரின் பட்டறைக்குப் புறப்பட்டாள், தனஞ்சயனையும் அங்கே வரச் சொல்லியிருந்தாள். பட்டறையில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் ஃபில்டரைக் கழற்றச் சொன்னாள், பார்த்தாள்.

"மூக்கிலயா திருநீறு பூசினீர்?"

"ஐயர்தான் பூசினவர்."

"மஷூர் நானா, உங்களுக்கு இது தெரியுமோ?"

மஷூர் தலையைச் சொறிந்தார். "கண்டேன் தங்கச்சி. ஒங்கட சாமிட சாமான். நான் எப்பிடித் தொடுற? அதுதான் ஒண்ணும் பேசல்ல."

தாரிகா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். திருநீற்றை ஒரு கடதாசியில் பத்திரமாக வழித்தெடுத்து, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, பெற்றோல் தாங்கியின் மேல் மூன்று கோடாகப் பூசினாள். மஷூர் ஃபில்டரைக் கழுவினார், சென்சரை மாற்றினார், வண்டியைத் திரும்ப உருளையில் ஏற்றினார். இந்தத் தடவை சென்சர் உண்மை பேசியது. கட்டம் கட்டமாகப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்க, எஞ்சின் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிள்ளையாக அமைதியானது. சுவரில் தொங்கிய கலண்டர்த் தாள்கூட அசையவில்லை. மூன்று பேரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு தாரிகாவின் முகம் விழுந்தது. வெள்ளவத்தைக்குக் காற்று திரும்பிவிடும். கொட்டாஞ்சேனையில் அம்மா கதிரையிலேயே இருப்பார்.

அவள் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி அட்டவணையை வெகுநேரம் பார்த்தாள். எண்களைப் பார்த்துச் சாப்பிடுகிறவள் அல்லவா. இந்தக் கட்டங்களில் எது எந்தத் தெருவில் வேலை செய்கிறது என்று கேட்டாள். எந்தக் கியரில், எந்த வேகத்தில் போகிறோமோ அதைப் பொறுத்தது என்றார் மஷூர். அப்படியானால் மரைன் டிரைவில், கடலை ஒட்டி, மூன்றாம் கியரில் ஒரே சீராகப் போனால் நாலே நாலு கட்டம்தான் வேலை செய்யும், அந்த நாலை மட்டும் பசியோடு விடுங்கள் என்றாள். அங்கே சோளகம் யாருக்கும் சொந்தமில்லாமல் கொட்டிக் கிடக்கிறது. ஒழுங்கையிலும் வாவிக்கரையிலும் வாய் மூடியிருக்கட்டும்.

மஷூர் அதிர்ந்துபோனார். "வேணும்னே பசில வுடச் சொல்றீங்களா? நான் இருவது வருஷமா பசி ஆத்துற வேல செய்றவன், தங்கச்சி." ஆனாலும் கணக்குப் பார்த்தார். மெதுவாக, பாரமில்லாமல் போகையில் அவ்வளவு பசியால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை, இரண்டு கிலோமீற்றருக்கு மேல் கூடாது என்றார். நாலு எண்களையும் தாரிகாவே தட்டினாள்.

திங்கள் காலை வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் நமசிவாயத்தின் கோழிச் சிறகு துள்ளிக்கொண்டிருந்தது. அவர் கொப்பியில் "சரி" என்று எழுதி, கீழே கோடு போட்டார். தனஞ்சயன் மரைன் டிரைவில் மூன்றாம் கியரில், ஒரு பைத்தியக்காரனின் பொறுமையோடு, கையை அசைக்காமல் இரண்டு கிலோமீற்றர் போனான். பம்பலப்பிட்டிக்கு நேரே கடலில் அலைகள் சற்று நேரம் தாழ்ந்தன, பிறகு பழையபடி எழும்பின. அதற்கப்பால் வண்டி எதையும் குடிக்கவில்லை.

ஐந்தரைக்கு அவன் வாசலில் நின்றபோது நான்காம் மாடி ஜன்னல் சாத்தியே இருந்தது. காற்று இறங்கியது. பஸ்லா முதலில் முந்தானையால் மூக்கைப் பொத்தினார், பிறகு மெல்ல எடுத்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, அதற்குப் பக்கத்து ஜன்னலும் திறந்தது. கொடிகளில் இருந்த உடுப்பெல்லாம் படபடத்தது. மேலே அந்த ஒரு ஜன்னல் மட்டும் அசையவில்லை. பத்து நிமிடம் போனது, இருபது நிமிடம் போனது. இன்றைக்கும் இல்லாவிட்டால் இனி என்றைக்கும் இல்லை என்று தனஞ்சயனுக்குத் தெரியும். தாரிகா பல்கனியில் நின்றாள். உள்ளே கொளுக்கி கழன்ற சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்டது. ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்தது. சிவக்கொழுந்து கொஞ்சமாக மோந்தார், இன்னும் கொஞ்சம் மோந்தார். பிறகு இரண்டு கதவையும் விரியத் திறந்து, தெரு முழுக்கக் கேட்கத்தக்கதாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மேல வாரும். எஞ்சினை நிப்பாட்டாதையும்."

ஆறு தேத்தண்ணி குடிக்கிற நேரம் அந்த வண்டி ஆளில்லாமல் தெருவில் உறுமிக்கொண்டு நின்றது, பஸ்லாவும் மீன்காரனும் காவல் இருந்தார்கள். அடுத்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. மஷூர் வந்தார், நமசிவாயம் மண்டபத்து மின்விசிறிகளைக் கையை நீட்டி அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார். தாரிகா வெள்ளவத்தைக்கு வந்துவிட்டாள். தாயையும் கூப்பிட்டார்கள், கொட்டாஞ்சேனையை விட்டு அவர் அசையவில்லை. ஆகையால் ஒவ்வொரு மாலையும் காற்று போகிறது. கல்யாணத்துக்குப் பிறகு தனஞ்சயன் சத்தமில்லாத ஒரு சைலன்சரை வாங்கிப் போட்டான், அதற்காக மஷூர் அட்டவணையை மறுபடி திருத்த வேண்டியிருந்தது, நாலு கட்டங்களைத் தொடவில்லை. இப்போது வண்டி வந்து நிற்பது யாருக்கும் கேட்பதில்லை. ஐந்தரைக்கு நான்காம் மாடியில் ஜன்னல் சீலை எழும்புகிறது, சிவக்கொழுந்து தெருவை எட்டிப் பார்க்காமலே எழுந்து கேத்திலை அடுப்பில் வைக்கிறார்.

"மருமகன் வந்திட்டார்."