கலப்பு உருகுநிலை

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து எடுத்தது. மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. ஊசி போன்ற கண்ணாடிக் குழாயில் துளிப் பொடியை அடைத்து, சூடேற்றி, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்ப்பாள். (சம்பளம் கொடுத்து வேடிக்கை பார்க்கவைக்கிறார்கள் என்று கிண்டல் செய்வேன்.)

2

'அத்தான் கப்பல் வேலை முடிந்து திரும்பிய அன்று மழை கொட்டியது. வாசலில்'

எழுதிய வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.

அத்தான் திரும்பினார். அதே முகம், அதே குரல், அதே இருமல். மறுவாரம் அக்கா வந்தாள்.

"அது அவர் இல்லடா."

"உளறாத."

"ரெண்டு பொடியும் ஒண்ணுதானான்னு சந்தேகம் வந்தா, கலந்து உருக்கிப் பாப்போம். ஒண்ணுன்னா அதே சூட்டுல உருகும். வேற வேறன்னா முன்னாடியே உருகிடும்."

"அதுக்கு?"

"பெத்த தாய் செத்தப்பவே கண் கலங்காத மனுஷன். இப்ப நான் பக்கத்துல உக்காந்தாலே உருகி அழறார். நாளைக்கு வீட்டுப் பூட்டை மாத்தப்போறேன். அவர் வெளியிலயே நிக்கட்டும்."

3

(கதாபாத்திரமாகவும் அத்தான்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு அழுகிறவரை வாசகர் நம்புவாரா?)

அவரிடமே நேரில் போய்க் கேட்டேன்.

"மச்சான், அவளும்தான் அழறா. என் கை பட்டாலே உடைஞ்சுபோறா. அவ இப்படியா இருந்தா? இது உங்க அக்கா இல்ல."

கலவை சீக்கிரம் உருகினால் இரண்டும் வேறு என்பது மட்டும்தான் தெரியும். எது அசல் என்று அந்தச் சோதனை சொல்லாது. அக்கா இதை என்னிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

4

முடிவு ஒன்று: நெடுநாள் பிரிவு, அதனால்தான் அழுகை. இருவரும் சமாதானம். (பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குப் பயம் போகவில்லை.)

முடிவு இரண்டு: அக்கா

எழுதி முடிக்க முடியவில்லை. இருவரும் அழுதபடி என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். புதுப் பூட்டின் சாவியை என் கையில் வைத்தாள் அக்கா.

"நீயே சொல்லு. வீட்டுக்குள்ள யாரு போகணும்?"

இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தேன். இரண்டு பேர்மேலும் எனக்கு உயிர். என்னை மீறிக் கண்ணீர் வந்தது.

அக்கா அழுகையை நிறுத்தினாள். அத்தானிடம் நகர்ந்து, மெல்லக் கேட்டாள்.

"என் தம்பி அழுது நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

இருவரும் கைகோத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்கள்.

முதல் வரியிலிருந்து என்கூடவே இருக்கிறீர்கள். இது நான்தான் என்று நீங்களாவது அவர்களிடம் சொல்லுங்கள்.