பத்தாம் அத்தியாயத்தில் என்ன தப்பு

நெலிதாவின் முதல் அத்தியாயத்துக்கு ஏபர் எழுதிய கருத்து இப்படித் தொடங்கியது: "தாயே, உன் கதாநாயகி மூணு பக்கமா படகுல ஏறிக்கிட்டே இருக்கா. யாராவது தயவு பண்ணி அவளை உட்கார வைங்க."

அன்று அவள் கணினியை மூடிவிட்டு வாசலுக்குப் போனாள். அவள் கணவன் வில்மார் யாரோ ஒருவரின் குளிர்சாதனப் பெட்டியைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"ரிவேரா ஊர்ல ஒரு கிழவன் என்னைத் திட்டுறான்."

"எதுக்கு?"

"என் ஓல்கா மூணு பக்கமா படகுல ஏறுறாளாம்."

"ஏறுறாளா?"

நெலிதா சற்று யோசித்தாள். "ஏறுறாதான்" என்றாள். உள்ளே போய் இரண்டு பக்கங்களை வெட்டினாள்.

அந்த இணையக் குழுவின் பெயர் 'எதிர்க்கரை'. உருகுவேயின் சின்ன ஊர்களில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்கள் அதில் இருந்தார்கள். மற்றவர்களின் இரண்டு ஆக்கங்களுக்குக் கருத்து எழுதினால்தான் தன்னுடையது ஒன்றைப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் குரல் அழைப்பில் கூடுவார்கள். யாருடைய ஆக்கம் பேசப்படுகிறதோ அவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. எழுத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், எழுதியவரைப் பற்றி அல்ல. 'இது உங்களுக்கு நடந்ததா?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஒழுங்குபடுத்தும் இவோன் இந்த விதியில் மிகவும் கண்டிப்பானவள். ஒரு முறை, "உங்க அப்பா நிஜமாவே அப்படியா?" என்று யாரோ கேட்டதற்கு ஒரு மாதம் விலக்கி வைத்தாள்.

நெலிதாவுக்கு இந்த விதி பிடித்திருந்தது. அவள் ஊரான சால்டோவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மருந்துக் கடையில் நின்று விற்கும்போது யாருக்கு என்ன நோய், எவருக்குத் தூக்கமில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியும். குழுவில் மட்டும் அவள் வெறும் அத்தியாயங்களாக இருந்தாள்.

நாவல், நதியைக் கடந்து அர்ஜென்டினாவுக்கும் இங்கேயும் படகு ஓட்டும் ஓல்கா என்ற பெண்ணைப் பற்றியது. பத்து அத்தியாயங்கள் என்று கணக்கு. ஏபர் ஒவ்வொன்றையும் கிழித்தார். அதனால் குழுவில் அவருக்குக் 'கழுகு' என்று பெயர். இறைச்சி ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஒரு வரியையும் சும்மா விடமாட்டார். "இந்தப் பத்தி என்ன வேலை செய்யுது? சம்பளம் மட்டும் வாங்குதா?" என்று எழுதுவார். நெலிதா பதிலுக்கு அவருடைய கதைகளில் பெண்கள் எல்லாரும் பல் குத்தும் குச்சி மாதிரி இருக்கிறார்கள் என்று எழுதினாள். அவர் அந்தப் பெண்களைத் திருத்தினார். இப்படி எட்டு அத்தியாயங்கள் முடிந்தன.

பிறகு ஓர் இலையுதிர்காலத்தில் கடையில் ஒரு வாடிக்கையாளர் தலைவலி மாத்திரை கேட்டார். நெலிதா அலமாரி முன் நின்றாள். எது என்று தெரிந்தது, பெயர் வரவில்லை. எடுத்தும் கொடுத்தாள். "இந்த வெள்ளையை, குடிக்கறதோட போட்டுக்குங்க" என்றாள். வாடிக்கையாளர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

தலைநகர் மொந்தெவிதேயோவில் மருத்துவர் படங்களைக் காட்டினார். சாவியைப் பார்த்ததும் சாவி என்றாள். குடையைப் பார்த்து, "மழைக்கு" என்றாள். ஆமையைப் பார்த்துச் சிரித்தாள், பெயர் வரவில்லை.

"பொருள்களோட பேரு முதல்ல போகும்" என்றார் மருத்துவர். "எழுத்தும் கூடவே போகும். அப்புறம் மத்தவங்க பேசறது புரியறதும் குறையும்."

"எவ்வளவு காலம்?" என்று வில்மார் கேட்டான்.

"ஒவ்வொருத்தருக்கு ஒரு மாதிரி."

திரும்பும் பேருந்தில் வில்மார் அவள் கையை விடவே இல்லை. நெலிதா ஜன்னலைப் பார்த்தபடி, "ரெண்டு இருக்கு" என்றாள்.

"என்ன ரெண்டு?"

"ஒம்பது. பத்து."

ஒன்பதாவதை அவள் எழுதினாள். எழுதும்போது படகு கண் முன்னால் தெரிந்தது. கயிறு, நதியின் செம்மண் நிறம், சுங்கச்சாவடி ஆள் எல்லாம் தெரிந்தன. எழுதியதைத் திரும்பப் படித்தபோதும் அவை தெரிந்தன. அதுதான் சிக்கல். எந்த இடத்தில் சொல் விழுந்துபோயிருக்கிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. வேறு யாராவது விரல் வைத்துக் காட்ட வேண்டும். வில்மாரிடம் கொடுத்துப் பார்த்தாள். அவன் இரண்டு முறை படித்துவிட்டு, "கதைன்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றான்.

குழு இருக்கிறது, ஏபர் இருக்கிறார் என்ற தைரியத்தில் ஒன்பதாவதைப் போட்டாள். அதில் இப்படி வரிகள் இருந்தன: 'அவள் அதில் ஏறினாள். அது அதன் மேல் போனது. அக்கரையில் அவர்கள் அதைப் பிடித்துக் கட்டினார்கள்.'

ஞாயிறு மதியம் மழை. வில்மார் மாவு பிசைந்து அப்பம் பொரித்துக்கொண்டிருந்தான். நெலிதா ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"நான் முதல்ல சொல்லிடறேன்" என்று இவோன் தொடங்கினாள். "எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. பேர்களையே தூக்கி எறிஞ்சுட்டா! படகுன்னு ஒரு இடத்துலயும் இல்லை. ஆனா நாம படகுலதான் இருக்கோம்."

"தண்ணி எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போற மாதிரி" என்றான் துராஸ்னோ ஊர் இளைஞன் ஒருவன்.

"எட்டு அத்தியாயம் பழைய பாணியில எழுதிட்டு ஒம்பதாவதுல இப்படித் திரும்பணும்னா என்ன துணிச்சல்!" என்றது இன்னொரு குரல்.

நெலிதா ஏபருக்காகக் காத்திருந்தாள். அவர் முறை வந்தது. தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இது பிடிபடலை" என்றார். "நீங்க எல்லாரும் பெருசுன்னு சொல்றீங்க. இருக்கலாம். நான் பழைய ஆளு. இதுல நான் வாயைக் கொடுக்கலை."

வில்மார் தட்டோடு வந்தபோது அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள்.

"திட்டுறாங்களா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

அந்த மாதத்தின் சிறந்த அத்தியாயம் என்று குழுவின் முகப்பில் அவள் பெயர் போட்டார்கள். இரண்டு வாரத்தில் துராஸ்னோ இளைஞன் ஒரு கதை போட்டான். அதில் ஒரு பொருளுக்கும் பெயர் இல்லை. 'நெலிதாவின் வழியில்' என்று மேலே எழுதியிருந்தான். அதற்குக் கருத்து எழுத அவள் ஒரு காலை முழுவதும் முயன்றாள். 'உன்கிட்ட சொல் இருக்கு, ஏன் ஒளிக்கிற' என்று சொல்ல நினைத்தாள். 'இருக்கு. ஏன்' என்பதோடு நின்றது. அதை அப்படியே அனுப்பினாள். அவன் அதை ஆழமான கருத்து என்று நன்றி சொன்னான்.

அடுத்த ஞாயிறு யாருடையதோ பேசப்படும்போது நெலிதா குறுக்கே புகுந்தாள். சொல்ல வேண்டியதை வில்மார் தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். அவள் அதைப் பார்த்துப் படித்தாள்.

"ஒம்பதாவது பாணி இல்லை. எனக்கு நோய். பேருங்க போயிட்டிருக்கு. பத்தாவது எழுதணும். என்ன தப்புன்னு சொல்லுங்க."

யாருடைய வீட்டிலோ ஒரு நாய் குரைத்தது.

"ஐயோ நெலிதா" என்றாள் இவோன். அழுதுவிட்டாள்.

அன்று மாலையே செய்திகள் வரத் தொடங்கின. இதயங்கள், மெழுகுவத்திகள், பிரார்த்தனைகள். பைசாந்துவிலிருந்து ஒருத்தி தேன் அனுப்பினாள். நெலிதா இனி யாருக்கும் கருத்து எழுத வேண்டியதில்லை, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் போடலாம் என்று இவோன் அறிவித்தாள். அதை வில்மார் வாசித்துக் காட்டியபோது நெலிதா மேசையைத் தட்டினாள்.

"நல்லதுதானே பண்றாங்க?" என்றான் அவன்.

"வேணாம்" என்றாள். "நானும்... அவங்களுக்கு. நானும் சொல்லணும்."

ஒன்பதாவதைத் திருத்தித் தரும்படி மறுபடி போட்டாள். 'ஒரு புள்ளியைக்கூட மாத்தாதே.' 'நீ எழுதினதே எங்களுக்குப் பரிசு.' 'அழுதுகொண்டே படித்தேன்.' முப்பது பேர் எழுதினார்கள். ஒரு பத்தியைக்கூட ஒருவரும் தொடவில்லை.

ஏபர் எதுவும் எழுதவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். அதுவரை இருவரும் தனியாகப் பேசியதில்லை.

"நெலிதாவா? நான்தான், ரிவேரா கிழவன்."

"கழுகு" என்றாள் அவள்.

"ஆமா, கழுகுதான். இங்க பாரு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது, அங்கங்க ஓட்டைன்னு. எல்லாரும் ஆஹான்னாங்க. நமக்குத்தான் அறிவு இல்லையோன்னு வெட்கமாப் போச்சு, வாயை மூடிக்கிட்டேன். அறுபத்தெட்டு வயசுல எனக்கு எதுக்கு இந்த வெட்கம், சொல்லு?"

நெலிதா மூச்சை இழுத்து விட்டாள்.

"எல்லாரும் உனக்குத் தேன் அனுப்பறாங்களாம்" என்றார். "என்கிட்ட தேன் இல்லை. ஓட்டையை எண்ணிட்டேன், அனுப்பவா?"

"அனுப்பு" என்றாள். உடனே, "எல்லாம்" என்றாள்.

அன்று ஒன்பதாம் அத்தியாயம் சிவப்பாகத் திரும்பி வந்தது. 'எது எதுமேல போச்சு? படகுன்னா படகுன்னு போடு, யாரு அடிக்கப் போறா?' 'அவர்கள்னா யாரு? ஊரே வந்து கட்டுச்சா?' 'இந்த வரி நல்லா இருந்திருக்கும், வினைச்சொல் வந்திருந்தா.' நெலிதா ஒவ்வொரு குறியிலும் விரல் வைத்தாள். வில்மார் பொருள்களைச் சொல்லிப் பார்ப்பான்: கயிறா, துடுப்பா, நங்கூரமா. சரியானது வந்ததும் அவள் அவன் தோளில் அடிப்பாள். சில சமயம் அவன் நீட்டும் சொற்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தானே ஒன்றைப் பிடித்துவிடுவாள். அன்றைக்கெல்லாம் முகம் வெளிச்சமாக இருக்கும். சூடான மாத்தே பானத்தை உறிஞ்சியபடி, பிடித்த சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

ஒரு தடவை ஏபர், "பொறுமை இல்லை எனக்கு, நானே நிரப்பி அனுப்பிடவா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றாள். "அப்ப உன்னோடது."

"அதுவும் சரிதான். என் பேர்ல வந்தா ஓல்கா பல்குச்சியாயிடுவா."

குளிர்காலத்தின் பாதியில் ஒன்பதாவது நிமிர்ந்தது. பத்தாவதைத் தொடங்கினாள். ஓல்கா கடைசியாக ஒரு முறை அக்கரைக்குப் போகிறாள். அங்கே மகள் நிற்கிறாள். இவ்வளவும் வில்மாருக்குத் தெரியும், முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் சொற்கள் இப்போது வேகமாகப் போயின. காலையில் பிடித்தது மாலைக்குள் கையை விட்டுப் போனது. வில்மார் பேசுவதையும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். குழுவின் ஞாயிறு அழைப்பில் இன்னும் உட்காருவாள். கதையைக் கேட்பதை விட்டுவிட்டுக் குரல்களை மட்டும் கேட்டாள். யாராவது கோபமாகப் பேசினால் திரும்பிப் பார்ப்பாள்.

பத்தாவது இரண்டு பக்கம் வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. தொடர முடியாது என்று அவளுக்குத் தெரிந்த அன்று கணினியை வில்மார் பக்கம் தள்ளி, "கழுகு" என்றாள். அவன் ஏபருக்கு அனுப்பினான்.

பதில் வர ஒரு வாரம் ஆனது. வழக்கமாக மறுநாளே வந்துவிடும். கோப்பைத் திறந்தால் சிவப்பே இல்லை. கடைசியில் ஒரே வரி: 'நல்லா இருக்கு நெலிதா. எதையும் தொடாதே.'

வில்மார் உரக்கப் படித்தான். அவள் இன்னொரு முறை படிக்கச் சைகை காட்டினாள். படித்தான். அவள் திரையில் பக்கங்களை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. அவள் உதடு கோணிக்கொண்டது.

"அவனும்" என்றாள்.

"அவருக்கு நிஜமாவே பிடிச்சிருக்கும்."

"பொய்." தொலைபேசியைக் காட்டினாள்.

வில்மார் அழைத்து, அவளுக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தான்.

"படிச்சாளா?" என்றார் ஏபர்.

"படிச்சுக் காட்டினேன். பொய்ங்கறா."



"நான் என்ன பண்ணட்டும் வில்மார்? ரெண்டாவது பக்கத்துல யாரு யாரோட பேசறான்னே தெரியலை. எங்கேன்னு கை வைக்கறது? தொட்டா மொத்தமும் வந்துடும். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். முடியலை."

நெலிதா தொலைபேசிக்கு மேல் குனிந்தாள். அவர் சொன்னதில் எவ்வளவு அவளுக்குப் போனது என்று வில்மாருக்குத் தெரியவில்லை.

"சொல்லு" என்றாள். "கிழவா. சொல்லு."

"நெலிதா, போதுமே. எனக்கே..."

"சொல்லு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சரி. முதல் வரி" என்றார். குரல் எழும்பவில்லை. "முதல் வரியில வர்ற 'அவ' யாரு? ஓல்காவா, அவ மகளா?"

நெலிதா வில்மாரைப் பார்த்தாள். ஓல்கா என்ற பெயர் அவள் முகத்தில் எதையும் அசைக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினாள், மேலே போகட்டும் என்பதுபோல்.

"மூணாவது வரி. 'அதை அதுல வெச்சா.' இது என்ன கண்றாவி? எதை, எதுல, தாயே? அடுப்புல சட்டியா, சட்டியில அடுப்பா?" குரல் பழையபடி ஏறியது, நடுவில் உடைந்தது, இருமி மறுபடி ஏற்றிக்கொண்டார். "இந்த லட்சணத்துக்கு மூணு பக்கம் வேற!"

நெலிதா சிரித்தாள். திட்டு மட்டும் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, காதைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்ந்தாள். வில்மார் ஒரு தாளை எடுத்து, ஏபர் சொல்லச் சொல்ல, எந்த வரி, என்ன தப்பு என்று எழுதிக்கொண்டே வந்தான். யாருக்காக எழுதுகிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. தாள் நிறைந்ததும் இன்னொன்றை எடுத்தான்.