ஒடிச்சுப் பிடி

நாலு பேர் சேர்ந்து தள்ளியும் டிராக்டர் வாசலை விட்டு விலகாமல் மதில் சுவரைப் பார்த்தே போனது. முன்சக்கரங்கள் வலது பக்கமாக ஒடித்தபடியே நின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது சும்மா சுற்றியது. ஐஸ் பெட்டி கொண்டுவந்த வேன் தெருவில் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் முனியசாமி கிடந்தார். உயிரோடிருந்தவரை எதற்கும் காத்திருக்காத மனிதர்.

"பவர் ஸ்டியரிங் ஆயில் பூராம் போயிருச்சுலே. தள்ளுனா எங்கன போவும்?" என்றார் மெக்கானிக் ராஜபாண்டியன். முனியசாமிக்குத் தம்பி முறை; சாத்தூரிலிருந்து துட்டி கேட்க வந்தவர். கையிலிருந்த மாலையை ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி வண்டிக்கடியில் புகுந்தார்.

கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேலுத்தாய் சன்னல் வழியாக அதைப் பார்த்தாள். புருஷன் செத்து நாலு மணி நேரமாகியும் அவளுக்கு அழுகை வரவில்லை. ராஜபாண்டியன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத் துடைக்க அவள் நகர்ந்து சன்னலை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஒரு மாதமாகவே ஒழுகிக்கொண்டிருந்த வண்டி. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும். முனியசாமி எல்லாவற்றையும் துடைத்துச் சாம்பல் தூவிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு அடியில் படுப்பார். வேலுத்தாய் மேலே உட்கார்ந்து, அவர் சொல்கிற பக்கம் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடிக்க வேண்டும். சாம்பல் நனைகிற இடம்தான் கோளாறு. நாலு எண்ணுவதற்குள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸ் தாங்காது. விடச் சொல்லி அவரே சத்தம் கொடுப்பார்.

மூன்று நாளாக அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுங்க என்று மருமகள் முன்னால் சொல்லித் தொலைத்துவிட்டாள். மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்று காலையிலும், "வலது. ஒடிச்சுப் பிடி" என்றதோடு சரி. பிடித்தாள். நாலு எண்ணியும் சத்தம் வரவில்லை. பம்பு கீச்சிட்டது. வாயைத் திறந்து சொல்லட்டுமே, நானாக எதற்கு விடணும் என்று அவளும் வீம்பாக உட்கார்ந்திருந்தாள். தெருவில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. அப்புறம் டப்பென்று ஒரு வெடிப்பு. ஸ்டியரிங் கையில் தொளதொளத்தது. இறங்கிக் குனிந்து பார்த்தாள். அவர் முகமெல்லாம் சுடுஎண்ணெய். அதை அவர் துடைக்கக்கூட இல்லை.

மாரடைப்பு, நொடியில் போயிருக்கும் என்றார் டாக்டர். மகன் புகழேந்தி வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். வேலுத்தாய் ஒருத்திதான் நம்பவில்லை. மேலே உட்கார்ந்து பிடித்தது யார், எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் போலவும் இருந்தது, கேட்டுவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

ராஜபாண்டியன் வெடித்த ஹோஸோடு வெளியே வந்தார். "சீல் கசிவு பழசு. இது புதுசு. யாரோ ஒடிச்சுப் பிடிச்சவுக விடாம வச்சிருக்காக. அதுவும் ரொம்ப நேரம்..." என்றவர் சன்னலில் வேலுத்தாயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"யாரு சித்தப்பா?" என்றான் புகழேந்தி.

"பழைய ஹோஸுதானலே. அதுவா வெடிச்சிருக்கும்."

அதைச் சுருட்டி, மாலை கொண்டுவந்த பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டில் கிடந்த வேறொரு ஹோஸை மாட்டி, ஆயில் ஊற்றி, டிராக்டரைத் தெருவோரம் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டி உள்ளே வந்து முனியசாமியை அதில் கிடத்திய பிறகு, கைகழுவிவிட்டு வந்து மாலையைப் போட்டார். வேலுத்தாயின் முகத்தைப் பார்க்காமலே, "வாறேன் மதினி" என்று போய்விட்டார். அவர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

புகழேந்தி வேலை பார்ப்பது திருத்தங்கல் பிரஸ்ஸில். போனைக் காதில் வைத்தபடியே வந்தான். "அம்மா, அஞ்சலிப் போஸ்டருக்கு அப்பா போன நேரம் கேக்காக. எட்டரைதான?"

"நான் குனிஞ்சு பாத்தது எட்டரை" என்றாள்.

அப்ப உயிர் போனது எப்ப என்று அடுத்து அவன் கேட்பான் என்று நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"எட்டரைன்னே போடுங்கண்ணே" என்றவன், எந்தப் போட்டோ போடுவது என்று பேசிக்கொண்டே வெளியே போனான்.

வேலுத்தாய் ஐஸ் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சநேரம் பார்த்திருந்த பக்கத்து வீட்டு அய்யம்மாள், "கைய எடு தாயி, வெறச்சிரும்" என்றாள். அவள் எடுக்கவில்லை.