இருபத்தேழாம் நாள் பிஸ்கட்

மனைவி இறந்து மூன்று மாதம் கழித்து பாஸ்டர் அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு வாலிபர் கூட்டத்துக்கு ஹாலைத் திறக்க வேண்டும், ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும். "பேச வேண்டாம், பாட வேண்டாம் தம்பி. சும்மா உக்காந்திருங்க, போதும்." ஐந்து வருடம் அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவள் அவன் மனைவி. சாவி அவன் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒப்புக்கொண்டான். வீட்டுச் சுவரைப் பார்ப்பதற்குப் பதில் ஹால் சுவரைப் பார்க்கலாம்.

அந்தச் சுவரில்தான் அட்டை தொங்கியது. நோயில் கிடந்த அவள் பிழைக்க வேண்டும் என்று நாற்பது நாள் சங்கிலி உபவாசம். பத்தொன்பது பிள்ளைகள் முறை வைத்து, நாளுக்கொருவராகப் பட்டினி கிடந்து ஜெபிக்க வேண்டும். இருபத்தாறு கட்டங்களில் சிவப்பு டிக். இருபத்தேழாம் நாள் அவள் இறந்துபோனாள். அட்டையைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை.

பிள்ளைகள் மேல் அவனுக்குக் கசப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலைச் சுற்றி நின்று, "சுகமாயிட்டீங்கக்கா, விசுவாசிங்க" என்று கை தட்டியவர்கள் இவர்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை, பாட்டு உச்சத்தில் இருந்தபோது பின்வரிசையில் ஒருத்தி சரிந்தாள். கல்லூரியில் முதல் வருடம். உயரத்தை வைத்து எல்லோரும் அவளை ஒட்டகம் என்பார்கள். அவன் அவளைக் கைத்தாங்கலாகப் பக்கத்து அறைக்கு நடத்திப் போய் உட்காரவைத்தான்.

டிரம்ஸ் அடிக்கிற பையன் எட்டிப் பார்த்தான். "ஒட்டகம் தண்ணி இல்லாமயே ஓடும்ணா, கவலப்படாதீங்க. நாலு மாசமா சனிக்கிழமை சாப்பிடுறதே இல்ல. இவள மாதிரி இருக்கணும்னு பாஸ்டரே பிரசங்கத்துல சொல்லிட்டாரு."

"போடா," என்றாள் அவள். பையன் போனான்.

அவன் டீயும் மூன்று பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தான். பிஸ்கட்டைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது.

"இததாண்ணா சாப்பிட்டேன்."

"எப்ப?"

"இருபத்தேழாம் நாள். என் முறை. லேப்ல தல சுத்துச்சு. மூணு மணிக்கு, ஒண்ணே ஒண்ணு. நாலு மணிக்கு அக்கா..." குரல் இறங்கியது. "சங்கிலிய நான்தான் அறுத்தேன்."

நாலு மாதமாக யார் தலையிலாவது பழியைப் போட அலைந்தவன் அவன். டாக்டர் மேல் போட்டான், பாஸ்டர் மேல் போட்டான், மேலே இருக்கிறவர் மேலும் போட்டான். எதுவும் ஒட்டவில்லை. இப்போது ஒருத்தி தானாகவே தலையை நீட்டுகிறாள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடி இனித்தது.

உண்மை அவனிடம் இருந்தது. சொன்னால் இவள் தேறுவாள். ஆனால் ஊரே தேவதை என்று கொண்டாடும் அவன் மனைவி பொய்க்காரி ஆவாள். அவளுக்கென்று மிச்சம் இருந்ததே அந்த நல்ல பெயர்தான்.

"ஒன்பதாம் நாளே டாக்டர் கைய விரிச்சுட்டாரும்மா. மூணு வாரம் தாங்கினா பெருசுன்னாரு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவகிட்டதான் சொன்னாரு. 'பசங்க இப்பதான் ஒண்ணா நிக்கிறாங்க, சொல்லிக் கெடுத்துடாதீங்க'ன்னு எங்கிட்ட சொன்னா. நானும் வாயத் தெறக்கல."

"அப்போ அதுக்கப்புறம் பதினெட்டு நாள் நாங்க பட்டினி கெடந்தது?"

"சும்மா."

"அக்கா சிரிச்சது?"

"அதுவும் உங்களுக்காக."

அழுவாள் என்று நினைத்தான். அவள் மூன்று பிஸ்கட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் திணித்து, அவனை முறைத்துக்கொண்டே மென்று தீர்த்தாள்.

"மூணு வாரமா கல்லு மாதிரி எதிர்லயே உக்காந்திருந்தீங்களேண்ணா. எந்திரிங்க. உள்ள வந்து சொல்லுங்க. என்ன மாதிரி இன்னும் எத்தன பேரோ."

சொன்னான். நாலே வாக்கியம். முதலில் வாயைத் திறந்தவன் டிரம்ஸ்காரன். தன் முறையன்று பிறந்தநாள் விருந்தில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு டிக் போட்டிருக்கிறான். ஒருத்தி ஜெபத்தில் தூங்கியிருக்கிறாள். ஒருவன் அம்மாவோடு சண்டை போட்டுத் தட்டை விட்டெறிந்திருக்கிறான். ஆளாளுக்கு ஒரு கொலையைச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாளும் அல்லேலூயா பாடியிருக்கிறார்கள். இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

மறுநாள் காலை பாஸ்டர் பிடித்துக்கொண்டார். "கதவத் தெறக்கச் சொன்னா வீட்டையே கொளுத்திட்டீங்களே தம்பி! பாதி வீட்ல இனி பிள்ளைங்கள அனுப்ப மாட்டாங்களாம்."

"மீதிப் பாதி?"

அவர் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்; சாவியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். யாரும் பாட்டுப் புத்தகத்தைத் தொடவில்லை. ஒட்டகம் அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்கள நான் இன்னும் மன்னிக்கலண்ணா. அக்காவையும்தான். ஆனா கேக்க வேற ஆளு இல்ல. கடைசில அக்கா பயந்தாங்களா?"

இதை அவனிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"பயந்தா. நகம் பதிய என் கையப் பிடிச்சுக்கிட்டா."

"அப்புறம் ஏன் எங்கள ஜெபம் பண்ண விட்டாங்க?" என்றான் டிரம்ஸ்காரன். "நடக்காதுன்னு தெரிஞ்சும்?"

"தெரியலடா."

"யோசிச்சுட்டு அடுத்த வாரம் வந்து சொல்லுங்க," என்றாள் ஒட்டகம், வீட்டுப்பாடம் கொடுக்கிற டீச்சர் மாதிரி.

அவனுக்கு அந்த வாரம் முழுக்க யோசிக்க ஒன்று இருந்தது.