வலம் சுற்றிய இருபத்தொரு கூடை

"நீ எந்தக் கையால சாப்பிடுவே?" என்று சகுந்தலா மேடம் என்னைக் கேட்டார்.

பலகையை வளைத்து அறுக்கிற ஸ்க்ரோல் சா மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பலகையை இடது கையால் தள்ளிக்கொண்டிருந்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு, "சோத்தாங்கையாலதான்" என்றேன். குரல் பாதிதான் வெளியே வந்தது. ஒன்பதாவதில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னாலும் இப்படித்தான் ஆகும். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டேன்.

"அப்ப வேலையையும் அதாலயே செய்யலாமில்ல? கல்யாணச் சீருக்கு வைக்கிற கூடைம்மா இது."

மேடம் பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இருப்பவர். மகள் சஹானாவின் கல்யாணத்துக்கு இருபத்தொரு சீர்த்தட்டு. தட்டுக்குப் பதிலாக எங்கள் மடக்குக் கூடை. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால், பார்த்திபன் அண்ணனின் தகரக் கொட்டகையில் அதைச் செய்கிறோம்.

ஒரே பலகைதான். மறைமலைநகர் கம்பெனிகளுக்குப் பார்ட்ஸ் வருகிற பெட்டிகளைப் பிரித்து எடுத்த பைன் மரம். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் நத்தை ஓடு மாதிரி ஒரே கோடாக அறுக்க வேண்டும். மிஷினின் மேசையைக் கொஞ்சமாகச் சாய்த்து வைத்தால் வெட்டு சரிவாக விழும். அப்புறம் ஓரத்தில் மாட்டிய கைப்பிடியை நிமிர்த்தினால் நடுப்பகுதி கீழே இறங்கி, ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றில் இறுகி நின்றுவிடும். மடக்கினால் மறுபடியும் பலகை.

எங்கள் மிஷின் பழசு. சாய்வைக் காட்டும் எண்கள் அழிந்துவிட்டன. எவ்வளவு சாய்த்தால் கூடை நிற்கும் என்று நான் எத்தனையோ துண்டுகளைப் பாழாக்கிக் கண்டுபிடித்தேன். அந்த அளவுக்கு விரல் நீளத்தில் ஒரு ஆப்பு அறுத்து வைத்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் அண்ணன் ஸ்பானரால் மேசையை முடுக்கினார்.

அதற்கு முன் ஒரு வருஷம் எனக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை. மூன்று மாதமாகத்தான் மிஷின் என்னிடம். அதன் முன்னால் உட்கார்ந்தால் யாரும் என்னிடம் பேச முடியாது, நானும் பேச வேண்டியதில்லை. அந்த இடம் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

மேடம் பலகை சுற்றியதைப் பார்த்திருந்தார். "இடஞ்சுத்தா வேற போகுது. கோயில்ல யாராவது இடஞ்சுத்துவாங்களா, பார்த்திபன்?"

"இன்னா பெரிய விஷயம் மேடம், மாத்திட்டாப் போவுது" என்றார் அண்ணன்.

கார் கிளம்பியதும் என் பக்கம் திரும்பினார். "பிரதீபா, பீச்சாங்கைய மடில வச்சுகினு சோத்தாங்கையால அறு. வலஞ்சுத்து. புரிஞ்சுதா?"

புரிந்தது. சுற்று மாறினால் வெட்டின் சரிவும் தலைகீழாகிவிடும், கூடை நிற்காது. மேசையை எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். "அண்ணா, அப்ப மேசையையும்..." என்று ஆரம்பித்தேன்.

"கைய மாத்தச் சொன்னா வாய மாத்துறியா? அறும்மா."

தேய்த்துக்கொண்டிருந்த சங்கரி அக்கா சிரித்தாள். "இத்தினி நாளா வாயே இல்லாம இருந்துச்சு அண்ணாத்த. இப்பத்தான் மொளைக்குது."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்தொன்றையும் வலது கையால் வலம் சுற்றி அறுத்தேன். கோடு கோணவில்லை. வழக்கமாக அறுத்ததும் விரித்துப் பார்ப்பேன். இந்த முறை பார்க்கவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வார்னிஷ் ஈரம் காய்வதற்குள் கார் வந்துவிட்டது. பலகையாகவே அடுக்கிக் கொடுத்தோம். நடுவில் சூட்டுக் கம்பியால் எழுதியிருந்த 'சஹானா – இனியன்' மட்டும் பளபளத்தது.

செங்கல்பட்டு மண்டபத்தில் நடந்ததை மேடம் மூன்றாம் நாள் வந்து சொன்னார். சம்பந்தி வீட்டார் முன்னால் பழம் அடுக்கி முதல் கூடையைத் தூக்கியதும் சுற்றுகள் ஸ்பிரிங் மாதிரித் தொங்கி, மாதுளையும் ஆரஞ்சும் மேடைப் படியில் உருண்டிருக்கின்றன. "இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள சீர் ஓடுது" என்றாளாம் மாப்பிள்ளையின் அத்தை.

"அன்னைக்கே கேட்டேன், எந்தக் கையால சாப்பிடுவேன்னு" என்றார் மேடம். "எல்லாம் இடது கை பட்ட வேலை."

"இல்ல மேடம். சோத்தாங்கையாலதான் அறுத்தேன். அக்காவ வேணாக் கேளுங்க."

சங்கரி அக்கா உப்புத்தாளைத் திருப்பிப் போட்டாள். "நான் குனிஞ்சு தேச்சுகினு இருந்தேன். இன்னாத்த கண்டேன்?"

திரும்பி வந்த கூடைகளில் ஒன்றை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். சுற்றுகள் இறங்கி, ஒன்றில் ஒன்று இறுகி, கச்சிதமாக நின்றன. கல்லை வைத்தாலும் தாங்கும். பெயர்கள் மட்டும் அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. "மேசைய மாத்தாம வலஞ்சுத்தினா இப்பிடித்தான் ஆவும்" என்றேன். அன்று எனக்குக் குரல் நன்றாகவே வந்தது.

மேடம் கூடையைப் பார்க்கவில்லை. அதைத் தூக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். இடது கை.

"பாத்தீங்களா, பார்த்திபன்?" என்றார்.

அண்ணன் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். "தாலி பிரிச்சுக் கோக்குற அன்னிக்கு வேற செட்டு தர்றேன் மேடம். நாளைலேந்து சங்கரி மிஷின்ல ஒக்காரட்டும். இது தேய்க்கட்டும்."

மறுநாள் சங்கரி அக்கா என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் மேசையைத் தளர்த்தி எதிர்ப்பக்கம் சாய்த்தார். முதல் பலகை பொத்தென்று நடு கழன்று தொங்கியது. கூடுதலாகச் சாய்த்தார், அடுத்தது இறங்கவே இல்லை. மூன்றாவதில் பிளேடு உடைந்தது.

"ஏய், ஒரு ஆப்பு வச்சிருந்தியே" என்றார் அண்ணன். "எங்க கீது அது?"

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லேன்டி" என்றாள் சங்கரி அக்கா. "அதான் வாய் மொளைச்சிடுச்சே."

உப்புத்தாளைக் கீழே வைத்தேன். பாவாடையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டேன். சாப்பாட்டுப் பையை வலது கையில் எடுத்துக்கொண்டேன். ஆப்பு இடது கைக்குள் இருந்தது. அண்ணன் மறுபடியும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.