ஓட்டைக்கூரை வந்த ஞாயிறு

புவனேஸ்வரன் அந்தக் கேசட்டை வாங்கியதற்கு ஒரே காரணம், அவன் ஓட்டும் தேயிலைத் தோட்டத்து லோரியில் கேசட் போடுகிற ரேடியோ இருந்ததுதான். ஊரே கைப்பேசியில் பாட்டுக் கேட்கிற காலத்தில் அந்த லோரி மட்டும் மாறமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஈப்போவில் ஒரு காப்பிக்கடைக்குத் தேயிலைப் பெட்டி இறக்கப் போனவன், கல்லாவுக்குப் பக்கத்தில் புத்தம்புதுக் கேசட்டுகளைப் பார்த்தான். இந்தக் காலத்தில் யார் கேசட் போடுகிறான் என்று ஒன்றைக் கையில் எடுத்தான். அட்டையில் கையெழுத்தாக ‘ஓட்டைக்கூரை’ என்று தமிழில் இருந்தது. தமிழைக் கண்டதும் பக்திப் பாட்டாகவோ நாட்டுப்புறப் பாட்டாகவோ இருக்கும் என்று நம்பிவிட்டான் பாவம்.

மலைக்குத் திரும்பும் வழியில், சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் கேசட்டைப் போட்டான். பாட்டு வரவில்லை. ஏதோ ‘ம்ம்ம்’ என்று இரைந்தது. தகரத்தை சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல ஒன்று. அப்புறம் ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம், அவ்வளவுதான். ரேடியோ கெட்டுவிட்டது என்று அதன் தலையில் ஒரு தட்டு தட்டினான். மறுநாள் பட்டறையில் கொண்டுபோய்க் கழற்றிக் கொடுத்தான். பட்டறைக்காரர் துடைத்து மாட்டிவிட்டு, “ரேடியோ நல்லாத்தான் இருக்கு. காசு குடுத்து வாங்குனியே, அதுதான் கெட்டுப்போனது” என்றார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அடுத்த வாரம் பனி இறங்கிய ஒரு காலையில் அதே சாலையில் போகும்போது, எதையாவது கேட்கலாமே என்று அதையே மறுபடி போட்டான். லோரியின் இரைச்சலும் கேசட்டின் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போயிற்று. பிறகு அந்தப் பெண்ணின் குரல் அடித்தொண்டையிலிருந்து கிளம்பிப் பெரிதாகிப் பெரிதாகி, சட்டென்று அறுந்தது. புவனேஸ்வரன் லோரியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். அம்மா இறந்தபோதுகூட அழாதவன் அவன். ஏன் அழுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டிகளை இறக்கினான். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பிடித்த கிறுக்கு நாலு வருஷமாக விடவில்லை. ஓட்டைக்கூரை என்பது ஈப்போவைச் சேர்ந்த இரண்டே பேர் என்று தெரிந்துகொண்டான். விக்னேஸ்வரி தொண்டையில் சின்ன மைக்கை ஒட்டிக்கொண்டு சத்தம் எழுப்புவாள். ரூபன் ஒயர்களையும் திருகு குமிழ்களையும் தகரத் துண்டுகளையும் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பாடாய்ப் படுத்துவான். பழைய கிடங்கிலும் மூடிய கடையிலும் அவர்கள் வாசிக்கிற வீடியோக்கள் வரும். மொத்தமே ஒரு வேனில் அடங்கிவிடுகிற கூட்டம்தான் பார்க்கும். கீழே கருத்து எழுதுகிற ஒரே ஆள் புவனேஸ்வரன். அந்த வழியாக இன்னும் பலரைக் கண்டுபிடித்தான். பினாங்கில் பழைய மின்விசிறியை வைத்து வாசிக்கிற ஒரு சீனக் கிழவர். மூவாரில் கோழிக்கொட்டகையில் ராத்திரி முழுக்கப் பதிவு செய்கிற ஒரு மலாய்க்காரப் பையன். இவ்வளவு பேர் நாட்டில் ஒளிந்துகொண்டு என்னமோ செய்துகொண்டிருக்கிறார்கள், இந்த மலையில் இருக்கிற ஒருத்தருக்கும் தெரியவில்லையே என்று அவனுக்குத் தாங்கவில்லை.

தாங்காமல் எல்லாரிடமும் போட்டுக் காட்டினான். மலைமேல் தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அவன் கூட்டாளி ஹக்கீம், கால் நிமிஷம் கேட்டுவிட்டு, “டேய், இத நிப்பாட்டு. கஸ்டமர்லாம் மீ கோரெங்க பாதியில வெச்சிட்டு எந்திரிக்கிறான்” என்றான். மனைவி ரூபினி தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை செய்பவள். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவளிடம் இதைக் காட்டினால் என்ன சொல்வாள்?

“வேலையிலயும் இந்தச் சத்தம், வீட்டுலயும் இந்தச் சத்தமா? நீங்க காதுக்கு டாக்டரப் போயிப் பாருங்க” என்றாள்.

ஆனாலும் அவன் விடவில்லை. வாரம் ஒரு தடவையாவது, “இது எப்படி இருக்கு? இது எப்படி இருக்கு?” என்று கைப்பேசியை அவள் காதருகே கொண்டுபோவான். அவள் அரிசி களைந்துகொண்டே தலையை ஒதுக்குவாள். ஒரே ஒரு ஆள், வேறு யாரும் வேண்டாம், இவள் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டால் போதும் என்று அவன் ஏங்கிப்போனான். கட்டின மனைவியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனியாகக் கிடப்பது பெரிய கொடுமை. அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

கைப்பேசியில் கேட்பதால்தான் இவளுக்குப் பிடிபடவில்லை, நேரில் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனே ஒரு முடிவுக்கு வந்தான். ஓட்டைக்கூரைக்கு எழுதினான். தங்களுக்கு நாலு வருஷமாகக் கருத்து எழுதுகிற ஆள் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? வருகிறோம் அண்ணே, இடம் மட்டும் பாருங்கள் என்று பதில் வந்தது. ஹக்கீமின் கடைக்கு மேல்மாடியில், பிறந்தநாள் விருந்துக்கு விடுகிற கூடம் ஒன்று உண்டு. ஹக்கீம் முதலில் ஆளை விடு என்று கைகூப்பினான். பிறகு, வருகிறவர்கள் எல்லாம் கீழே சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். ரூபினியும் ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஞாயித்துக்கெழம துணி தொவைக்கணும். அரை மணி நேரம்தான் இருப்பேன்.”

ஞாயிறு மத்தியானம். வெளியே தூறல். ஈப்போவிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட சில இளைஞர்கள் வந்திருந்தார்கள். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து ஓட்டல் வேலை செய்கிற இரண்டு பெண்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க ஏறி வந்த கடைச் சமையல்காரர், அப்புறம் ஹக்கீம். ரூபினி சுவரோரம் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். புவனேஸ்வரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நின்றான். வீடியோ எடுத்து வெளியிடுவதாக ரூபனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

விக்னேஸ்வரி நேரில் மிகவும் சின்னவளாக இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தொண்டையில் மைக்கை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். ஸ்பீக்கரில் அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. ரூபன் ஒரு திருகைத் திருகினான். அந்த ‘ம்ம்ம்’ தரையிலிருந்து கிளம்பி நாற்காலிக் கால்களில் ஏறியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. புவனேஸ்வரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓரக்கண்ணால் ரூபினியைப் பார்த்தான். அவள் ஒரு விரலைக் காதில் விட்டுக்கொண்டிருந்தாள். அவன் மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. சரி, இதோடு முடிந்தது, இனி இவளிடம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. விக்னேஸ்வரியின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று புவனேஸ்வரனுக்கு மனப்பாடம். எல்லா வீடியோவிலும் அவள் இந்த இடத்தில் விழுவாள். குரல் அறுந்துபோகும். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, எழுந்து போய் மைக்கைக் கழற்றுவாள். எல்லாரும் கைதட்டுவார்கள். அவன் கைப்பேசியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, அவள் விழுகிற இடத்துக்குச் சரியாகப் பிடித்தான்.

ரூபினியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெண்களுக்கு அருள் வந்தால் பிடித்துக்கொள்வது அவள்தான். உறுமி மேளம் ஏறும்போது யார் விழப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்று, விழுவதற்குள் பின்னாலிருந்து இடுப்பை வளைத்துப் பிடித்து, முடியை முடிந்து, யார் வந்திருக்கிறது என்று கேட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து சாமியை மலையேற்றிவிடுகிற வரை விடமாட்டாள். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து செய்கிற வேலை. அதற்கு யோசனை வேண்டாம், கை தானாகப் போகும்.

கை தானாகப் போயிற்று. கைப்பை ஒரு பக்கம் பறக்க, நாற்காலியைத் தள்ளிவிட்டு ரூபினி ஓடினாள். விக்னேஸ்வரியின் முழங்கால் மடங்குவதற்கும் அவள் இடுப்பைப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

“யாராச்சும் தண்ணி கொண்டாங்க! ஹக்கீம் அண்ணே, எலுமிச்சங்கா!”

“டேய், என் கடையில சாமி வந்துருச்சாடா?” என்று புவனேஸ்வரனைப் பார்த்து அலறிக்கொண்டே ஹக்கீம் படியில் உருண்டு இறங்காத குறையாக ஓடினான். ஈப்போ இளைஞர்கள் இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து, எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். ரூபன் திருகில் வைத்த கையோடு சிலையாகிவிட்டான். புவனேஸ்வரனுக்கு மானம் போயிற்று. நாலு வருஷமாகக் கும்பிட்ட கலைஞர்களை வரவழைத்து, தன் மனைவியை விட்டே அவமானப்படுத்திவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

ரூபினிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவிழ்ந்த முடியை ஒரே சுற்றில் கொண்டை போட்டாள். முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். காதருகே குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“யாரு தாயி வந்திருக்கீங்க? சொல்லுங்க, யாரு?”

தொண்டையில் இருந்த மைக் அதையும் பிடித்துக்கொண்டது. கூடம் முழுக்க அந்தக் கேள்வி கேட்டது. விக்னேஸ்வரி கண்ணைத் திறந்தாள். அந்நியமான ஒரு முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்துத் திகைத்தாள்.

“தெரியலக்கா.”

“தெரியலன்னா பரவால்ல. ஒண்ணும் அவசரமில்ல. நான் புடிச்சிருக்கேன்.”

கேசட்டிலும் எல்லா வீடியோவிலும் குரல் அறுந்துபோகிற இடம் அது. அன்றைக்கு அறுந்துபோகவில்லை. விக்னேஸ்வரி தன் பாரம் முழுவதையும் ரூபினியின் மேல் சாய்த்துக்கொண்டாள். மெதுவாக, கரகரவென்று, ஒரு குரல் புறப்பட்டது. அது அழுகையும் இல்லை, பாட்டும் இல்லை. மூச்சு முடிகிற இடத்தில் நின்று, ரூபினியின் மூச்சையும் சேர்த்துக்கொண்டு, மறுபடி தொடங்கியது. ரூபன் திருகைத் தொடவே இல்லை. எலுமிச்சங்காய்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்த ஹக்கீம் வாசலிலேயே நின்றுவிட்டான்.

விழுவாள் என்று தெரிந்தவன் படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான், தெரியாதவள் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். புவனேஸ்வரனுக்கு இது உறைத்தபோது கைப்பேசியைக் கீழே இறக்கினான். அவனுக்கு அவள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது அவன் போய் மன்னிப்புக் கேட்டான். ரூபன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, “முடிவ வேற மாதிரி யோசிச்சு வெச்சிருந்தோம்ணே” என்றான். விக்னேஸ்வரி அவனை அடக்கினாள். “விடு லா. நான் போற எடத்துல எல்லாம் விழறேன், இன்னிக்குத்தான் ஒருத்தங்க வந்தாங்க” என்றாள். அதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருந்த பஸ் நிழற்குடையில் ஒதுங்கினார்கள். ரூபினி முந்தானையைப் பிழிந்தாள். நடந்ததை நினைத்து அவளுக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“பிடிச்சிருந்துச்சா?” என்று கேட்டான். நாலு வருஷப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

“எது, அந்தச் சத்தமா? பிடிக்கல லா. காது இன்னும் இரையுது.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான்.

“ரூபினி, அது சாமி இல்ல.”

“எனக்குத் தெரியாதா? கை வெச்ச ஒடனே தெரிஞ்சிருச்சு.”

“தெரிஞ்சுமா விடாம புடிச்சிருந்த?”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். “சாமி இல்லன்னா விட்டுரணுமா?”

அவள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். பிறகு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அவளாகவே கேட்டாள்.

“சரி, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு என்னையே கேக்குறீங்களே, இதக் கேட்டா உங்களுக்கு என்னதான் ஆகுது?”

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தோம் என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. எத்தனை தடவை போட்டுக் காட்டியிருக்கிறான்! தனக்கு நடந்ததை ஒரு நாள்கூட அவளிடம் சொன்னதில்லை. சிம்பாங் பூலாய் ஏற்றத்திலிருந்து தொடங்கினான். பனியைச் சொன்னான், லோரியை ஓரம் கட்டியதைச் சொன்னான். ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுததைச் சொன்னான். அம்மா சாவுக்கு அழாதது இத்தனை வருஷமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது என்பதையும் சொன்னான். அதை அவன் அதுவரைக்கும் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மழை விட்டுவிட்டது. சரிவில் பனி விலகி, கீழே சாலை தெரிந்தது. துவைக்கவேண்டிய துணி வீட்டில் அப்படியே கிடந்தது. ரூபினி எழுந்திருக்கவில்லை.

“ம்,” என்றாள். “அப்பறம்?”